சாமான் அறையில் நான் நோயாளியாக இருந்த காலம்

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னிடம் வேலை பழகியவளிடம் வேலை பழகியவள். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் மனநோயாளிகளிடம் பேசி மதிப்பிடப் பழகுவதற்கென்று புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்களாம், நான் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். அழகான அறைதான். ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், மேலே கமெரா, நோயாளியாக நடிக்கச் சம்பளத்துக்கு ஆள். விழாவில் பேசிய ஒருவர் "இந்த நாட்டில் முதன்முறையாக" என்று தொடங்கினார். எனக்கு வந்ததே கோபம்! பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளை என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே எழுந்து கேட்டிருப்பேன். முதன்முறையாமே! எழுபதுகளில் பதுளையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், போர்வையும் வாளியும் அடுக்கியிருந்த சாமான் அறையில் நாங்கள் செய்தது என்னவாம்?

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. "அப்ப எழுதுங்களேன் மிஸ்" என்றாள் அவள். எழுதுகிறேன். பெருமையடிக்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும். பெருமைப்பட வேண்டியதைத்தான் செய்தோம்.

பதுளை பஜாரில் வாப்பாவுக்குப் பிடவைக் கடை இருந்தது. சம்பளம் போட்ட ஞாயிறுகளில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். நமுனுகுலவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் கடைக்குள் சட்டென்று ஏற மாட்டார்கள். படியிலேயே நின்று சேலை முந்தியைத் தொட்டுப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடை பூட்டிய பிறகு நான் அவர்களைப் போலவே நின்று, பேசி, சிரித்துக் காட்டுவேன். உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு "வயசுக்கு வந்த புள்ளைக்கு இது என்ன கூத்து" என்று ஏசுவா. நான் நடிப்புப் படித்தது அந்தக் கடையில்தான். கொழும்பில் சமூகப்பணி படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலப் புத்தகங்களை மனப்பாடம் செய்தேன், பாஸானேன், ஊருக்கு வந்தேன். மனநோய்ப் பிரிவில் வேலை என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் குதித்தார்கள். வாப்பா மட்டும், "நம்ம கடைக்கு வார சனத்துக்குத்தானே வேலை செய்யப் போறா, போகட்டும்" என்றார்.

அங்கே எனக்கு மேலதிகாரி டொக்டர் சிவப்பிரகாசம். யாழ்ப்பாணத்தவர். நெடுநெடுவென்று இருப்பார், எப்போதும் வெள்ளைக் காற்சட்டை. நாங்கள் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "அவ சோகமா இருந்தா டொக்டர்" என்று தொடங்கினால், முதுகு பேசும். "அது நீர் நினைச்சது. கண்டது என்ன?" தலை குனிந்திருந்தது, நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரம் எடுத்தது என்று கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கிடைத்த நாளில் எனக்குத் தரையில் கால் பாவாது. கோபம் வந்தாலும் சத்தம் போட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப் பட்டியின் நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் கதவு எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

மாதம் ஒருமுறை ஜீப்பில் தோட்டங்களுக்குப் போய்க் கிளினிக் வைப்போம். ஒரு வருடம் முதல் தடவையாகக் கொழும்பிலிருந்து மாணவர்களும் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரி ரஞ்சினி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், வகுப்பில் முதல் ஆள், புத்தகத்தில் எந்தக் கேள்வி எந்தப் பக்கம் என்று சொல்லுவாள். நமுனுகுலவில் ஒரு தோட்டத்தில் வெள்ளையம்மா என்ற வயதான பெண்ணை அவளிடம் விட்டோம். வெள்ளையம்மாவுக்கு நித்திரை இல்லை, அவ்வளவுதான் முறைப்பாடு.

ரஞ்சினி ஃபைலை விரித்து, பேனாவைத் திறந்து, புத்தகத்தில் இருந்தபடியே தொடங்கினாள். பெயர் என்ன, எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறீர்கள்? வெள்ளையம்மா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகாங்க" என்று ஆரம்பித்து, அப்பன் பேர், பாட்டன் பேர், மாரியம்மன் கோயில் தெரு என்று கேட்காததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டாள். மறுபடி கேட்டாலும் அதே துறையூர். ரஞ்சினி எழுதினாள்: தான் இருக்கும் இடம் தெரியவில்லை, சம்பந்தமில்லாத பேச்சு, கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

திரும்பும் வழியில் டொக்டர் அதை என்னிடம் நீட்டினார். "உந்தப் பிள்ளை எழுதினதை வாசிச்சீரோ?"

வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பேப்பரும் பேனாவுமாக யார் வந்து "எந்த ஊர்" என்று கேட்டாலும் அது அந்த விசாரணைதான். ஒரு சொல் தப்பினால் பாஸ்போர்ட் போய்விடும் என்று பயந்து, இங்கேயே பிறந்தவர்கள்கூடப் பார்த்தேயிராத ஊரின் தெருப்பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அந்த மனுஷிக்குப் புத்தி மிகத் தெளிவாகத்தான் இருந்தது. அந்த அறிக்கையை அப்படியே விட்டிருந்தால் அடுத்த நாள் அம்புலன்ஸில் ஏற்றியிருப்பார்கள்.

"இதை எப்பிடித் திருத்தப் போறீர்?" என்றார் டொக்டர்.

"நோயாளியிடம் பழகவிடக் கூடாது டொக்டர். முதலில் என்னிடம் பழகட்டும். நான் வெள்ளையம்மாவாக இருக்கிறேன்."

"ஆஸ்பத்திரியில நாடகமோ?" கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஜீப் பதுளை வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது, "சாமான் அறையை ஒதுக்கச் சொல்லுறன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு கதிரை, பார்ப்பவர்களுக்கு ஒரு வாங்கு, டொக்டருக்கு ஜன்னல். டொக்டர் பென்சிலால் ஜன்னல் சட்டத்தைத் தட்டும்வரை நான் பரீதா இல்லை, நோயாளி. அவர் தட்டாமல் யாரும் சிரிக்கவோ, "மிஸ், இப்ப என்ன கேட்கிறது" என்று வழியவோ கூடாது. வார்டில் வேலை செய்த ஒரு பெண்ணிடம், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உம்மா இதைக் கேள்விப்பட்டுவிட்டு, "பைத்தியம் மாதிரி நடிக்கிறதுக்கா மகள் கவர்மெண்ட் ஒனக்குச் சம்பளம் தருது?" என்று கேட்டா. ஆமாம் உம்மா என்றேன்.

முதல் நாள் உள்ளே வந்து கதவோரம் நின்றேன். ரஞ்சினி கதிரையைக் காட்டினாள். "பரவால்லீங்க" என்று தரையில் உட்கார்ந்தேன். அவள் மேலே இருந்துகொண்டு தொடங்கினாள்.

"இரவில நித்திரை வருதா?"

"ஆமாங்க."

"நித்திரை வாறதில்லையா?"

"ஆமாங்க."

"காதில யாராவது பேசுற மாதிரிக் குரல் கேட்குதா?"

"ஆமாங்க."

"கேட்கிறதில்லையா?"

"ஆமாங்க."

வாங்கில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டொக்டரின் முதுகும் குலுங்கியது. ரஞ்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. டொக்டர் பென்சிலைத் தட்டிவிட்டு, "கண்டது என்ன?" என்று கேட்டார். அவள் யோசித்து, "மிஸ் என்னை ஒருக்காலும் நிமிர்ந்து பார்க்கல்ல. நான் ஃபைலைத் திறந்ததும் கையைக் கட்டினாங்க" என்றாள். "ம்" என்றார் டொக்டர். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பிள்ளை தேறிவிடுவாள் என்று.

அதன்பிறகு முறையையே மாற்றினோம். பேப்பர் வெளியே வரக் கூடாது, கிளினிக்குக்குத் திரும்பி வந்துதான் எழுத வேண்டும். அவர்கள் தரையில் இருந்தால் நாமும் தரையில். ஆமாங்க என்று முடிக்கக்கூடிய கேள்வியைக் கேட்கவே கூடாது. இன்று என்ன தேதி என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? சம்பளம் எப்போது போட்டார்கள், கோயில் திருவிழா வரப்போகிறதா, முடிந்துவிட்டதா என்று கேள். இருக்கும் இடம் தெரிகிறதா என்று பார்க்க, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு எந்தப் பாதையால் போவீர்கள், கங்காணி எங்கே நின்று ஆளெடுப்பார் என்று கேள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, காலையிலும் மத்தியானமும் தராசில் நிறுத்த கொழுந்தின் எடையைக் கூட்டிச் சொல்லச் சொல். இவ்வளவையும் நாங்கள் புத்தகத்தில் எடுக்கவில்லை. சாமான் அறையில் விழுந்து எழும்பி, டொக்டரோடு சண்டை பிடித்து உண்டாக்கினோம்.

டொக்டருக்கும் ஒருநாள் ஆசை வந்துவிட்டது. "இண்டைக்கு நான்தான் புருஷன், கங்காணி" என்று வெள்ளைக் காற்சட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். ரஞ்சினி, "வீட்டில என்னங்க பிரச்சினை?" என்று கேட்டாள். "இவள் ஒழுங்காச் சமைக்கிறாளில்லை, சொன்னாலும் கேக்கிறாளில்லை" என்றார் சுத்த யாழ்ப்பாணத் தமிழில். வாங்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. "யாழ்ப்பாணத்துக் கங்காணியை எந்தத் தோட்டத்தில் டொக்டர் கண்டீங்க?" என்று நானே கேட்டுவிட்டேன். "நான் ஜன்னலோடயே நிக்கிறன்" என்று போய்விட்டார்.

சிரிப்பெல்லாம் இருந்தாலும் ஒரு கேள்வியில் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். அதற்கென்றே ஒரு பெண்ணை நான் உருவாக்கி வைத்திருந்தேன். அமைதியான பெண். வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், தான் மட்டும் சாப்பிடுவதில்லை. பேச்சுக்கு நடுவில், "கொலுச தங்கச்சிக்கிட்ட குடுத்துட்டேங்க, எனக்கெதுக்கு இனி" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். அந்த இடத்தில் நிறுத்தி, சாக நினைக்கிறாயா என்று கேட்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கொலுசைத் தாண்டிப் போய் வயிற்று வலி இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

"கேட்டால் அந்த நினைப்பை நாங்களே குடுத்த மாதிரி ஆகாதா?" என்றாள் ரஞ்சினி.

டொக்டர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "கேட்டதாலை ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை. கேக்காமல் விட்டுச் செத்தவையளை எனக்குத் தெரியும்."

தலையாட்டினாள். ஆனால் வாய் வர வேண்டுமே! மறுநாள் கொலுசுப் பேச்சு வந்ததும் அவளும் நிறுத்தினாள். "உங்களுக்கு... உங்களுக்கு..." என்று திணறி, "பசிக்குதா?" என்று முடித்தாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. "நீங்க நடிக்கிறீங்கன்னு தெரியும் மிஸ். தெரிஞ்சும் எனக்குக் கேட்க ஏலாம இருக்கு" என்று அழுதாள். நான் விடவில்லை. எனக்கும் பிடிவாதம் கொஞ்சம் கூட. ஒவ்வொரு பின்னேரமும் அதே சாக்கைக் கட்டிக்கொண்டு, அதே பெண்ணாக வந்து, அதே கொலுசைக் கொடுத்தேன். இங்கே ஏலாதவளுக்குத் தோட்டத்து லயத்தில் எப்படி ஏலும்?

ஒருநாள் கதிரையை விட்டு இறங்கி என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கொலுசைச் சொன்னேன். இன்னும் கிட்ட நகர்ந்து வந்தாள். பிறகு, தோட்டத்துப் பேச்சில், "அக்கா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்றாள்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. சத்தியமாக அது நடிப்பில்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிக் கேட்டால் எப்படியிருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. டொக்டர் நெடுநேரம் பென்சிலைத் தட்டவில்லை. தட்டிய பிறகு, "கேட்டுப்போட்டு எழும்பி ஓடக் கூடாது. பதில் வந்தால் அதோட இருக்கவேணும்" என்றார். அதையும் பழகினோம். எப்போதிருந்து, யாருக்குத் தெரியும், இன்றைக்குத் துணைக்கு யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணிக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பயிற்சி முடிவதற்குள் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செல்லாயியைப் பார்க்கப் போனோம். சின்ன வயது, கைக்குழந்தை. அவளுக்கும் புருஷன் முத்தையாவுக்கும் மாமியாருக்கும் இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவள் ஆத்தாவுக்கும் தம்பிக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. அதாவது இவள் ரயிலேறி இந்தியா போக வேண்டும், பெற்றவள் இங்கே இருக்க வேண்டும். போகும் நாள் நெருங்க நெருங்க அவள் பேச்சு நின்றுவிட்டது. கொழுந்து நிரையில் பாதியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாளாம்.

தோட்டத்துக் கிளாக்கர் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பைத்தியமா இல்லையான்னு ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுத்துருங்க மிஸ். பைத்தியம்னா அவ பேர வெட்டிட்டு புருசனையும் புள்ளையையும் அனுப்பிருவோம். இல்லேன்னா அவளும் கோச்சி ஏறட்டும்."

"ஆளைப் பார்க்குமுன் எழுதித் தர நான் என்ன சாத்திரக்காரியா?" என்றேன். அவர் முகம் கறுத்தது. கறுக்கட்டும். ஒன்றை எழுதினால் அவளுக்குப் பிள்ளை போய்விடும். மற்றதை எழுதினால் என்ன நடக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

டொக்டர் மற்ற நோயாளிகளோடு தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்துவிட்டார். "ரஞ்சினி போகட்டும். நீர் வாசலில நில்லும்" என்றார் என்னிடம். வாசலில் நிற்பதுதான் அங்கே பெரிய வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா ஒன்றில் ஆள் பேசினால் பத்துக் காம்பராவும் வந்துவிடும். கங்காணியை ஒரு முறைப்பில் திருப்பி அனுப்பினேன். மாமியார் மட்டும் நகரவில்லை. "வேல செய்யாம இருக்கத்தாங்க இந்த நடிப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். உள்ளே பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

ரஞ்சினி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பேப்பர் சத்தம் இல்லை. குழந்தையின் பேரைக் கேட்டாள். வயலட் நிறச் சட்டை வடிவாக இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள், "பாப்பாவோட உடுப்பெல்லாம் மூட்டை கட்டியாச்சா?"

"கட்டியாச்சுங்க."

"அவரோட உடுப்பு?"

"கட்டியாச்சுங்க."

"உங்க சேலையெல்லாம் இன்னும் கொடியிலயே கெடக்குதே?"

நான் வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. காம்பராவுக்குள் போனதும் அவள் கொடியைப் பார்த்திருக்கிறாள், மூட்டையைப் பார்த்திருக்கிறாள்! நான் நடித்த எந்தப் பெண்ணிடமும் கொடி இருந்ததில்லை.

"செல்லாயி, கோச்சி வர்றதுக்கு முந்தியே செத்துப் போயிடணும்னு நெனக்கிறீங்களா?"

உள்ளே குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ரஞ்சினி வேறு எதுவும் கேட்கவில்லை. எழும்பி ஓடவும் இல்லை. காத்திருந்தாள்.

"ஏன் வேலைக்கு வரல, ஏன் திங்கலன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றது செல்லாயியின் குரல். "இத ஒருத்தரும் கேக்கலங்க." அதோடு அவள் உடைந்துபோனாள். ஆத்தாவை விட்டுவிட்டு ஏறவும் முடியாது, புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு நிற்கவும் முடியாது, செத்துப் போய்விட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே மாமியார் என் தோளில் முகத்தை வைத்து, "பாவி மக, எங்கிட்ட சொல்லலியே" என்று அழுதா. நடிப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகு அவ வாயில் வரவில்லை.

ரஞ்சினி டிஸ்பென்சரிக்கு வந்து டொக்டரிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். "கண்டது என்ன?" கொடியில் கிடந்த சேலைகளிலிருந்து தொடங்கி, செல்லாயி சொன்னதுவரை ஒன்று விடாமல் சொன்னாள். டொக்டர் திரும்பி வந்து அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தார். நான் சொன்னேனே, அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்று. அன்று பார்த்தேன்.

கிளாக்கர் கேட்ட இரண்டில் ஒன்றையும் அவர் எழுதவில்லை. இது குணப்படக்கூடிய நோய், பதுளையில் எங்கள் வார்டிலேயே வைத்தியம், குழந்தை தாயோடுதான் இருக்க வேண்டும், அவள் தேறும்வரை முழுக் குடும்பத்தின் பயணத்தையும் தள்ளிவைக்க வேண்டும் என்று எழுதினார். "இப்பிடி எழுதினா ஆபீஸ்ல கேப்பாங்களே டொக்டர்" என்று கிளாக்கர் இழுத்தார். "கேக்கட்டும். விளங்கேல்லையெண்டால் இன்னொருக்கா எழுதித் தாறன்" என்றார் டொக்டர். மனநோய் வார்டில் கைக்குழந்தையா என்று எகிறிய மேட்ரனை நான் பார்த்துக்கொண்டேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் வாய் இருந்தது.

செல்லாயி தேறினாள். சாப்பிட்டாள், குழந்தையோடு சிரித்தாள், வார்டுக்கு வந்த ஆத்தாவிடம் வாய்விட்டு அழுதாள், சண்டைகூடப் பிடித்தாள். முத்தையாவோடு போவதென்று அவளே முடிவெடுத்தாள். அவர்கள் புறப்பட்டபோது ரஞ்சினி படிப்பு முடிந்து எங்களிடமே வேலைக்கு வந்திருந்தாள். இரண்டு பேருமாக ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போனோம்.

இந்தியாவுக்குப் போகிற கோச்சியை அனுப்பும் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேடை முழுக்க ஒப்பாரி. கட்டிப்பிடித்தவர்களைப் பிரித்தெடுத்து ஏற்ற வேண்டியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் செல்லாயியின் ஆத்தா மட்டும் அழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தா. பாவம், மனதைத் திடப்படுத்திக்கொண்டுவிட்டா என்றுதான் நானும் நினைத்தேன்.

செல்லாயி குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். மேடையில், அத்தனை சனத்துக்கும் நடுவில், ஆத்தாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோச்சிக் காட் விசில் ஊதிவிட்டார். முத்தையா கதவில் நின்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

"ஆத்தா, என்னையப் பாரு. நான் போனப்பறம் செத்துரலாம்னு நெனச்சிருக்கியா? எங்கிட்ட சொல்லு."

ஆத்தா அவளைப் பார்த்தா. உதடு கோணியது. "ஆமாடி" என்றா.

செல்லாயி எழுந்து ஓடவில்லை. ஆத்தாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைத் தேடினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் ரஞ்சினி போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ஏறுங்க செல்லாயி. நாங்க இங்கதான் இருக்கோம்" என்றாள். கோச்சி நகரத் தொடங்கிய பிறகுதான் செல்லாயி ஓடிப்போய் ஏறினாள். வளைவு திரும்பும்வரை கதவிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆத்தாவின் ஒரு கையை ரஞ்சினியும் மற்றக் கையை நானும் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த அம்மா அழத் தொடங்கினா.